திருப்பலி முடிந்ததும் வரும் வேட்பாளர்

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் பெங்களூரின் தேவாலய வளாகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் புதிய விருந்தினர்கள் வருவார்கள். பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் பார்த்து வேட்பாளரின் கார் வாசலில் நிற்கும். பங்குத்தந்தைக்கு ஒரு சால்வை, மாதா கெபியின் முன் ஒரு மெழுகுவர்த்தி, பங்குப் பேரவைக்காரர்களோடு ஒரு படம். பத்து நிமிடத்தில் அடுத்த ஆலயத்துக்குப் புறப்பட்டுவிடுவார். சி.எஸ்.ஐ. ஆலயமானாலும், மாடி அறையில் கூடும் பெந்தேகோஸ்து சபையானாலும் முறை பெரிதாக மாறுவதில்லை. இந்தச் சந்திப்பால் யாருக்கு என்ன கிடைக்கிறது, சட்டம் இதில் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது, ஆலயத்துக்கு உள்ளே இருப்பவர்கள் உண்மையில் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்ற கேள்விகளை ஜோகுபாளையம் போன்ற ஓரிடத்தில் நின்று பார்த்தால்தான் தெளிவு பிறக்கும்.

அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே நெருக்கமான தெருக்களாக விரியும் ஜோகுபாளையத்தில் தமிழ் அன்றாடப் பேச்சுமொழி. 1809இல் பிரிட்டிஷார் இங்கே ராணுவக் குடியிருப்பை அமைத்தபோது மதராஸ் படையின் சிப்பாய்களும், அவர்களை நம்பிப் பிழைத்த சமையல்காரர்கள், சலவைக்காரர்கள், தோல் வேலைக்காரர்கள், கட்டட வேலைக்காரர்களும் தமிழ் பேசும் மாவட்டங்களிலிருந்து வந்து கண்டோன்மென்டைச் சுற்றிக் குடியேறினார்கள். அவர்களோடு தமிழ்க் கிறிஸ்தவமும் வந்தது. சிவாஜிநகரின் ஆரோக்கியமாதா ஆலயம் இன்றைய கட்டடமாக 1882இல் எழுந்தது. 1970களில் பசிலிக்காவாக உயர்ந்தது. கத்தோலிக்க மறைமாவட்டம் 1940இல் உருவாகி 1953இல் உயர்மறைமாவட்டமானது. ஆகவே இப்பகுதியின் கிறிஸ்தவர்களை நேற்று முளைத்த வாக்காளர் கூட்டமாக எண்ணிக்கொண்டு வருகிற வேட்பாளர் முதல் அடியிலேயே தவறுகிறார்.

தேர்தல் வரைபடத்தில் ஜோகுபாளையம் சாந்திநகர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. வியாழக்கிழமை நவநாளுக்குச் சாதி மதம் பாராமல் கூட்டம் சேரும் விவேக்நகர் குழந்தை இயேசு திருத்தலமும் இதே தொகுதிதான். 2008 முதல் 2023 வரை நடந்த நான்கு தேர்தல்களிலும் காங்கிரசின் என்.ஏ. ஹாரிஸே இங்கே வென்றார். ஆனால் ஜோகுபாளையம் வார்டின் மாநகராட்சி உறுப்பினராக இருந்த எம். கௌதம் குமார் பாஜகவைச் சேர்ந்தவர். 2019 அக்டோபரில் பெங்களூரின் மேயராகவே ஆனார். சட்டமன்றத்துக்கு ஒரு கட்சி, தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் இன்னொரு கட்சி என்று பிரித்து வாக்களிக்கத் தெரிந்த தெருக்கள் இவை. ஒரு போதகரின் சொல்லுக்கோ ஒரு பங்குத்தந்தையின் கண்ணசைவுக்கோ இந்தத் தெருக்கள் மொத்தமாகச் சாய்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க எச்.டி. சாங்லியானாவின் கதையைவிடப் பொருத்தமான ஒன்று கர்நாடகத்தில் கிடைக்காது. மிசோரமில் பிறந்த கிறிஸ்தவர், கர்நாடகக் காவல்துறையில் பெயரெடுத்த ஐ.பி.எஸ். அதிகாரி, பெங்களூரின் போலீஸ் கமிஷனராக இருந்தவர். அவர் பெயரிலேயே 1988இல் சங்கர் நாக் நடித்த கன்னடப் படம் வந்து ஓடியது. ஓய்வுக்குப் பின் பாஜகவில் சேர்ந்து 2004இல் பெங்களூர் வடக்கு மக்களவைத் தொகுதியில் நின்றார். முன்னாள் ரயில்வே அமைச்சர் சி.கே. ஜாபர் ஷெரீப்பைத் தோற்கடித்தார். கிறிஸ்தவர் ஒருவர் பாஜக சின்னத்தில் நின்று, காங்கிரசின் மூத்த முஸ்லிம் தலைவரை வென்ற அந்தத் தேர்தலில், மத அடையாளத்தை வைத்துப் போட்ட கணக்குகள் எல்லாம் புரண்டுபோயின.

அடுத்து நடந்தது அதைவிட முக்கியம். 2008 ஜூலை 22ஆம் தேதி நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அவர் தம் கட்சியின் கொறடா உத்தரவை மீறி மன்மோகன் சிங் அரசை ஆதரித்தார். பாஜக அவரை வெளியேற்றியது. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 14 அன்று மங்களூரிலும் கடலோர மாவட்டங்களிலும் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் அந்த வன்முறை பெங்களூருக்கும் வந்தது; மரியண்ணபாளையத்தின் புனித யாகப்பர் ஆலயம் சேதப்படுத்தப்பட்டது. பாஜக முதல்வர் எடியூரப்பாவின் அரசு பதவியேற்று நான்கு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. இந்த நினைவுகள் ஆறாத நேரத்தில், தொகுதி மறுவரையறையில் புதிதாகப் பிறந்த பெங்களூர் மத்தியத் தொகுதியில், 2009இல் சாங்லியானா காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடர்ந்து வாழும் தொகுதி, தாக்குதலுக்கு உள்ளான சமூகம், அதே சமூகத்திலிருந்து வந்த நேர்மையான பெயருள்ள வேட்பாளர். எல்லாம் கூடி வந்தும் அவர் பாஜகவின் பி.சி. மோகனிடம் ஏறத்தாழ 35,000 வாக்குகளில் தோற்றார். மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் ஜமீர் அகமது கான் 1,60,000க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பிரித்துக்கொண்டார்.

இந்தத் தோல்விக்குக் கிறிஸ்தவர்கள் ஆதரிக்கவில்லை என்று காரணம் சொல்வது தவறு. கர்நாடக மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி 1.87 சதவீதம், கண்டோன்மென்டைச் சுற்றி விகிதம் கூடுதல் என்றாலும் மக்களவைத் தொகுதி ஒன்றை அவர்கள் மட்டும் முடிவு செய்ய இயலாது. 2024இல் இதே பெங்களூர் மத்தியில் காங்கிரசின் மன்சூர் அலி கான் 32,707 வாக்குகளில் தோற்றார். மகாதேவபுரா என்ற ஒரே சட்டமன்றத் தொகுதியில் பாஜக பெற்ற முன்னிலை 1,14,046. பழைய கண்டோன்மென்ட் பக்கம் காங்கிரஸ் சேர்த்துவைத்ததை எல்லாம் அது விழுங்கிவிட்டது. கன்னியாகுமரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் பாதியை நெருங்குகிறார்கள். வேட்பாளர் தேர்விலேயே அவர்கள் எண்ணிக்கை பேசுகிறது. ஜோகுபாளையத்தில் எண்ணிக்கை பேசாது. கோரிக்கைதான் பேச வேண்டும்.

அப்படியிருந்தும் வேட்பாளர்கள் ஏன் ஆலயத்துக்கு வருகிறார்கள்? பெரிய கட்சிக்காரருக்கு அது வழக்கம். புதியவருக்கு வேறு காரணம் உண்டு. 2018இல் சாந்திநகரில் ஆம் ஆத்மி நிறுத்திய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ரேணுகா விஸ்வநாதனையோ, 2019இல் பெங்களூர் மத்தியில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்த நடிகர் பிரகாஷ் ராஜையோ எண்ணிப் பாருங்கள். வாக்குச்சாவடிக்கு வாக்குச்சாவடி ஆள் வைத்திருக்கும் கட்சி அமைப்பு அப்படிப்பட்டவர்களுக்கு இல்லை. குடும்பம் குடும்பமாக நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நிற்பது பெருநகரில் அரிது. ஞாயிறு காலை ஆலய வளாகம் அந்த அரிய இடங்களில் ஒன்று. ஆகவே வருவதில் குற்றம் இல்லை. வந்தவர் யாரிடம் பேசிவிட்டுப் போகிறார் என்பதில்தான் என் மனக்குறை. பங்குத்தந்தையிடமும் போதகரிடமும் ஆயரிடமும் பேசுகிறார்கள். கடைசி வரிசையில் முழங்காலிட்டு எழுந்து, மத்தியானச் சமையலுக்கு இறைச்சி வாங்க ஓடும் பெண்ணிடம் யாரும் பேசுவதில்லை.

ஆயர்களிடம் பேசுவதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. 2008 தாக்குதல்களை விசாரித்த நீதிபதி பி.கே. சோமசேகரா ஆணையம் 2011இல் இறுதி அறிக்கை தந்தபோது சங்கப் பரிவார அமைப்புகளுக்குப் பொறுப்பில்லை என்று சொன்னது. கிறிஸ்தவ சமூகம் அதை ஏற்கவில்லை. 2021 டிசம்பர் 23 அன்று பெலகாவியில் கூடிய சட்டமன்றம் மதமாற்றத் தடை மசோதாவை நிறைவேற்றியது. 2022 செப்டம்பரில் மேலவையும் நிறைவேற்ற, அது சட்டமானது. தலித், பழங்குடி, பெண், சிறார் ஒருவரைச் சட்டவிரோதமாக மதம் மாற்றியதாக நிரூபணமானால் பத்து ஆண்டு வரை சிறை. உயர்மறைமாவட்டப் பேராயர் பீட்டர் மச்சாடோ வெளிப்படையாக எதிர்த்தார். 2023 மே தேர்தலில் காங்கிரஸ் வென்றதும், ஜூன் 15 அன்று அமைச்சரவை அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. வேட்பாளரிடம் பேராயர் நேராகக் கேட்டுப் பதில் வாங்க வேண்டிய பொருள் இது.

ஆனால் தாக்குதலும் சட்டமும் எழுப்பிய அச்சம் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழவில்லை என்பதை வேட்பாளர்கள் அறிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கப் பங்குக்குப் பின்னால் உயர்மறைமாவட்டமும் வழக்கறிஞர்களும் பள்ளிகளும் நிற்கின்றன. சி.எஸ்.ஐ.க்குக் கர்நாடக மத்திய மறைமாவட்டம் உண்டு. வாடகை மாடியில் முப்பது பேரோடு ஜெபக்கூட்டம் நடத்தும் பாஸ்டருக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் சொன்னாலும், வெளியாட்கள் மதமாற்றம் என்று கூச்சலிட்டாலும், முதலில் காவல் நிலையம் போய் நிற்பவர் அவர்தான். அவருடைய சபைக்கு அறிவிப்புப் பலகைகூட இருக்காது. வேட்பாளரின் பயணப் பட்டியலில் அவர் பெயர் ஏறுவது கடினம்.

பட்டியலில் ஏறுபவை பெரிய காட்சிகள். கனகபுரா அருகே கிறிஸ்தவர்கள் மிகுந்த ஹாரோபெலே கிராமத்தில் 114 அடி இயேசு சிலைக்கு 2019 கிறிஸ்துமஸ் அன்று காங்கிரசின் டி.கே. சிவகுமார் அடிக்கல் நாட்டினார். 2020 ஜனவரி 13 அன்று சங்கப் பரிவார அமைப்புகள் கனகபுராவில் பேரணி நடத்தின. அன்றைய பாஜக அரசு நில ஒதுக்கீட்டை ஆராயத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாகச் சண்டை சச்சரவில்லாமல் வாழ்ந்த ஒரு கிராமம் மாநில அரசியலின் மேடையாகிவிட்டது. 2025 செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் திருவிழாவின்போது சிவாஜிநகரில் முதல்வர் சித்தராமையா, அங்கே வரவிருக்கும் மெட்ரோ நிலையத்துக்குப் புனித மரியாள் பெயரிட மத்திய அரசுக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். சத்ரபதி சிவாஜிக்கு அவமதிப்பு என்று மகாராஷ்டிர முதல்வர் பட்னாவிஸ் வரை கண்டனம் எழுந்தது. இரண்டிலும் அறிவித்தவர் பாதுகாப்பாக இருந்தார். அதன்பின் வந்த கோபத்தின் பார்வை மட்டும் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் எளிய கிறிஸ்தவன் பக்கம் திரும்பியது. கேட்காத பரிசைக் கூட்டத்தின் நடுவே கொடுத்து, அதற்கான விலையை வாங்கியவனையே கட்டவைப்பது நல்ல அரசியல் அல்ல.

பணமும் வருகிறது. கர்நாடக அரசு தன் நிதிநிலை அறிக்கைகளில் கிறிஸ்தவ சமூக மேம்பாட்டுக்கு 2024–25இல் 200 கோடி, 2025–26இல் 250 கோடி ரூபாய் என்று அறிவித்தது. ஆலயம் பழுதுபார்த்தல், சமுதாயக் கூடம் என்று இத்தகைய நிதி கட்டடங்களை நோக்கி ஓடும் இயல்புடையது. விண்ணப்பம் போடத் தெரிந்த, நிலப்பத்திரம் கையில் இருக்கிற ஆலயங்கள் முந்திக்கொள்ளும். கட்டடமே இல்லாத சபைக்கும், கட்டடம் இருந்தும் வீட்டுப்பட்டா இல்லாத விசுவாசிக்கும் அந்தக் கோடிகளில் இடம் எங்கே என்று வேட்பாளரைக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவற்றில் முதலாவது, என் எண்ணத்தில், கல்லறை. ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டமும் அல்சூருக்கு அப்பால் உள்ள கல்பள்ளிக் கல்லறையும் தலைமுறைகளாகப் பிணங்களை ஏற்று நெருங்கிவிட்டன. ஒரே குழியை மீண்டும் திறந்து, தாத்தாவின் எலும்பை ஒதுக்கி, பேரனை அடக்கம் செய்வது நகரத்தில் சாதாரணமாகிவிட்டது. குடும்பக் கல்லறை உள்ளவர்களுக்காவது அது வாய்க்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறாத சிறு சபையின் விசுவாசி இறந்தால், எந்தக் கல்லறையில் இடம் கேட்பது என்று துக்க வீட்டில் உட்கார்ந்து போன் மேல் போன் போட வேண்டியிருக்கிறது. நகரின் எல்லை விரிந்தபோது வீட்டுமனைகளுக்கும் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கும் நிலம் கிடைத்தது. சாவுக்கு ஒதுக்க மட்டும் நிலம் கிடைக்கவில்லை. இதைத் தீர்க்கும் அதிகாரம் வருவாய்த்துறையிடமும் மாநகராட்சியிடமும் இருக்கிறது. எந்தப் பெயர்ப்பலகையும் சிலையும் இதற்கு ஈடாகாது. அடக்கத்துக்கு இடம் கேட்பது ஒரு மதத்துக்கான சலுகையும் அல்ல. அல்சூரின் முஸ்லிமுக்கும், புதைக்கும் வழக்கமுள்ள இந்துச் சாதிகளுக்கும் இதே நெருக்கடி உண்டு.

இரண்டாவது சாதி. கண்டோன்மென்ட் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும் பகுதியினர் தலித் குடும்பங்களின் வழிவந்தவர்கள். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்து, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் விரிக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. கர்நாடகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கிறிஸ்தவர்கள் 3பி பிரிவிலும், பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறியவர்கள் முதல் பிரிவிலும் இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய மாநிலச் சமூகக் கணக்கெடுப்பில் சாதிப்பெயரோடு கிறிஸ்தவர் என்று சேர்த்து அச்சிட்ட 33 பெயர்கள் எதிர்ப்புக்குப் பின் மறைக்கப்பட்டன. அந்தப் பெயர்கள் இருக்கலாமா கூடாதா என்று கட்சிகள் மோதிக்கொண்டன. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்டபோது என்ன சொல்வது என்று திகைத்து நின்ற குடும்பத்துக்கு விளக்கம் சொல்ல எந்தக் கட்சிக்காரரும் போனதாகத் தெரியவில்லை. பங்குத்தந்தையிடம் மட்டும் பேசிவிட்டுப் போகிறவரின் காதில் இந்தக் கேள்வி விழவே விழாது. சாதியைப் பற்றி ஆலயத்துக்குள் வாய்விட்டுப் பேசுவது இன்னமும் எளிதல்ல.

மொழியும் குறுக்கே வருகிறது. உயர்மறைமாவட்டத்தில் திருப்பலி எந்த மொழியில், எத்தனை மணிக்கு என்பது பல பத்தாண்டுகளாகக் கசப்பைக் கிளப்பிய விஷயம். கன்னடக் கத்தோலிக்கர்கள் தங்கள் மொழிக்கு உரிய இடம் கேட்டுப் போராடினார்கள், தமிழர்கள் இருந்ததை இழக்க அஞ்சினார்கள். 1991இல் காவிரி விவகாரத்தில் தமிழர்கள் மீது வன்முறை நடந்தபோது கிறிஸ்தவன் என்றோ இந்து என்றோ யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்த அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி திறந்துவைத்தார். கூட நின்றவர் எடியூரப்பா. தேவாலயத் தாக்குதலுக்கு ஓராண்டு நிறைவதற்குள், அதே முதல்வருக்கு, அதே மக்கள் தமிழர் என்ற முறையில் நன்றி சொன்னார்கள். ஒரே ஆளுக்குள் இரண்டு அடையாளங்கள் இப்படித்தான் வாழ்கின்றன. ஒன்றை மட்டும் தொட்டுப் பேசும் வேட்பாளர் பாதி மனிதரிடம்தான் பேசுகிறார்.

இனிச் சட்டம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு, மதம், இனம், சாதி, சமூகம், மொழி இவற்றின் பெயரால் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமா, வாக்காளரின் மதமுமா என்ற ஐயத்தை 2017 ஜனவரி 2 அன்று அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்த்தது: இரண்டும் அடங்கும். ஆகவே தமிழ்ப் பூசை முடிந்த கூட்டத்தில், தமிழர் என்பதால் எனக்குப் போடுங்கள் என்பதும், கிறிஸ்தவர் என்பதால் போடுங்கள் என்பதும் ஒரே குற்றம். கடவுளின் கோபத்துக்கோ ஆன்மிகத் தண்டனைக்கோ ஆளாவீர்கள் என்று வாக்காளரை நம்பவைத்தால் அது 123(2)இன்படி முறையற்ற செல்வாக்கு. 1959இல் ராம் தயாள் எதிர் சந்த் லால் வழக்கில் நாம்தாரி சீக்கிய குருவின் ஆணையை உச்ச நீதிமன்றம் அப்படித்தான் கண்டது. தேர்தல் நடத்தை விதிகள் வழிபாட்டுத் தலங்களைப் பிரச்சார மேடையாக்கக் கூடாது என்கின்றன. 1988ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் தவறான பயன்பாட்டுத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமை: நிறுவனத்தின் வளாகத்தை அரசியல் செயல்பாட்டுக்கு விட்டால் நிர்வாகிக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும். வேட்பாளர் கும்பிட்டுவிட்டுப் போவதற்கு இவற்றில் தடை இல்லை. ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுக்கிற பாஸ்டர்தான் சிறை வாசலில் நிற்பார் என்பதை அந்தப் பாஸ்டருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் சொந்தச் சட்டமும் குருக்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதையும் அரசு அதிகாரப் பதவி ஏற்பதையும் தடுக்கிறது. ஆனாலும் எல்லை எங்கே என்பதில் சண்டை ஓயவில்லை. 2017 நவம்பரில் குஜராத் தேர்தலின்போது காந்திநகர் பேராயர் தாமஸ் மக்வான் எழுதிய கடிதத்துக்கு நிர்வாகம் நோட்டீஸ் அனுப்பியது. 2018 மே மாதம் டெல்லிப் பேராயர் அனில் கூட்டோ நாட்டுக்காகச் செபிக்கச் சொல்லி எழுதியது பெரும் சர்ச்சையானது. மறுபக்கம், கர்நாடகத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, 2023 உயிர்ப்பு ஞாயிறு அன்று பிரதமர் மோடி டெல்லியின் திருஇருதய பேராலயத்துக்குப் போனார். ராகுல் காந்தி 2022 செப்டம்பரில் குமரி மாவட்டத்தில் போதகர்களைச் சந்தித்தார். அரசியல் தலைவர் ஆலயத்துக்கு வருவது மரியாதை, ஆலயத்திலிருந்து ஒரு சொல் வெளியே போனால் குற்றம் என்ற நிலை நியாயமில்லை. ஆயர் ஒருவர் சட்டத்தைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் கருத்துச் சொல்வது குடிமகனின் உரிமை. இன்னாருக்குப் போடு என்று பீடத்திலிருந்து சொல்வது மட்டுமே வரம்பு மீறல்.

சட்டத்துக்குள் நின்று ஆலயம் செய்யக்கூடிய பெரிய வேலை ஒன்று உண்டு: வாக்காளர் பட்டியல். 2023 தேர்தலுக்கு முன் பக்கத்துத் தொகுதியான சிவாஜிநகரில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கத்துக்குக் குறிக்கப்பட்டபோது, அதில் முஸ்லிம், கிறிஸ்தவப் பெயர்கள் மிகுதி என்ற புகார் எழுந்தது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் மக்களுக்குப் பட்டியலில் பெயர் நிற்பதே பாடு. 2024 ஏப்ரல் 26 அன்று பெங்களூர் மத்தியில் வாக்களித்தவர்கள் 54 சதவீதம்தான். அதற்கு முந்தைய மக்களவைத் தேர்தல் நாள், 2019 ஏப்ரல் 18, பெரிய வியாழன். ஆலயப் பள்ளிகள் வாக்குச்சாவடிகளாக இருந்த தமிழ்நாட்டில் தேதியை மாற்றக் கோரிய வழக்கு பலிக்கவில்லை. பங்கின் சிறுகுழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் பெயர் சரிபார்ப்பதும் படிவம் நிரப்பித் தருவதும் எந்தக் கட்சிக்கும் உழைப்பதாகாது.

2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடக்காததால் ஜோகுபாளையத்தில் கதவைத் தட்டிக் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லாமல் போனார். அந்த வெற்றிடத்தில்தான் பங்குத்தந்தைகளும் பாஸ்டர்களும் தண்ணீருக்கும் குப்பைக்கும்கூட எம்.எல்.ஏ.விடம் பரிந்து பேசும் இடைத்தரகர்களாக ஆனார்கள் என்று நினைக்கிறேன். 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. சாந்திநகர் தொகுதி மத்திய மாநகராட்சியில் அடங்கியது. இப்புதிய மாநகராட்சிகளுக்கான தேர்தலில் வார்டுக்கு நிற்பவரை ஆலய வளாகத்துக்குள் அழைக்க வேண்டாம். சபை வேறுபாடு பாராமல் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரரும் பெந்தேகோஸ்துக்காரரும் சேர்ந்து, இந்து, முஸ்லிம் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு, ஒரு பொது மண்டபத்தில் எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் வரிசையாக உட்காரவைத்துக் கேட்கட்டும்: கல்லறைக்கு எத்தனை ஏக்கர், எந்த வருவாய்க் கிராமத்தில், எந்த மாதத்துக்குள்? தேர் பவனிக்கும் கரகத்துக்கும் சந்தனக்கூட்டுக்கும் ஒரே மாதிரி அனுமதி கிடைக்குமா? ஜெபக்கூட்டத்தில் யாராவது புகுந்தால் காவல் நிலையத்தில் யார் பக்கம் வந்து நிற்பீர்கள்? பதிலை எழுத்தில், கையெழுத்தோடு வாங்கி, தெருமுனையில் ஒட்டிவைக்கலாம்.